நகப் பூஞ்சைக்கு லேசர் சிகிச்சை: அது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, நுனி பொடிப்பொடியாக உதிரத் தொடங்கினால், பலர் அதை நெடுநாள் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலும் வலி இருக்காது, நடப்பதற்கும் தடை இருக்காது. பக்கத்து நகங்களுக்குப் பரவிய பிறகோ, செருப்பு அழுத்தி வலி எடுத்த பிறகோதான் மருத்துவரிடம் போகிறார்கள். நம் ஊரில் நகச்சொத்தை என்று சொல்லப்படும் இந்தக் கோளாறுக்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது பூஞ்சைத் தொற்று. அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், அல்லது ஓர் ஆண்டு வரை தினமும் மருந்து பூச வேண்டும் என்று கேட்டுச் சலித்தவர்களுக்கு, மாத்திரையும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், சில அமர்வுகள் லேசர் போதும் என்ற விளம்பரம் பெரும் ஆறுதலாகத் தெரிவது இயல்பே. அந்த ஆறுதலில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் நகத்தைப் பற்றியும், அதற்குள் குடியேறும் பூஞ்சையைப் பற்றியும் சிறிது தெரிந்திருப்பது நல்லது.

பூஞ்சை எங்கே ஒளிந்திருக்கிறது

நாம் நகம் என்று பார்ப்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன, உயிரற்ற ஒரு தகடு. அதற்குள் இரத்தக் குழாயும் நரம்பும் இல்லாததால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. தகட்டுக்கு அடியில் உயிருள்ள தோலாக நகப்படுக்கை இருக்கிறது. நகத்தின் பின்பகுதியில், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கும் நக வேரில் புதிய நகம் உருவாகி, பழைய நகத்தை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே வருகிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்கிறது. கால்விரல் நகம் அதில் பாதியோ, அதற்கும் குறைவாகவோதான் வளர்கிறது. ஆகவே கால் பெருவிரல் நகம் வேரிலிருந்து நுனிவரை முழுவதும் புதிதாக வளர்ந்து வர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். பூஞ்சையால் கெட்டுப்போன நகம் எந்த மருந்தாலும் மறுபடி நல்ல நகமாக மாறுவதில்லை. அது வளர்ந்து, வெட்டப்பட்டு, அதன் இடத்தைப் புதிய நகம் பிடிக்க வேண்டும். ஒரே மாதத்தில் நகம் பளிச்சென்று ஆகிவிட்டது என்று யாராவது படம் காட்டினால், தடித்த பகுதியைச் சுரண்டி எடுத்ததன் விளைவே அது என்று கொள்ளலாம்.

கால் நகத்தைத் தாக்கும் பூஞ்சைகளில் முதலிடம் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற இனத்துக்கு. உடலில் வட்டவட்டமாக அரிக்கும் படர்தாமரையையும், கால்விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து உரியும் தொற்றையும் உண்டாக்குவது பெரும்பாலும் இந்த இனமும் இதன் நெருங்கிய உறவினங்களும்தான். இவை கெரட்டினை உண்டு வாழ்பவை. நகம் முழுவதும் கெரட்டின். விரல் இடுக்கில் தொடங்கிய தொற்று, நகத்தின் நுனிக்கு அடியில் இருக்கும் சிறு இடைவெளி வழியாக உள்ளே நுழைந்து, நகப்படுக்கையின் மேல் மெல்ல மெல்ல வேரை நோக்கி ஊர்கிறது. உடல் அதை எதிர்க்கும் முயற்சியில் நகப்படுக்கை தடிக்கிறது. நகத்துக்கு அடியில் மஞ்சள் நிறத் துகள்கள் சேர்கின்றன. தகடு படுக்கையைவிட்டுத் தூக்கிக்கொள்கிறது. எந்நேரமும் தண்ணீரில் கைவைத்து வேலை செய்வோரின் கை நகங்களில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகை வருவதுண்டு. வெப்ப நாடுகளில் மண்ணிலும் செடிகொடிகளிலும் வாழும் சில பூசணங்களும் நகத்தைப் பிடிக்கும். வயது கூடக் கூட நக வளர்ச்சியும் காலுக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைவதால், முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இந்தத் தொற்று மிகுதி.

நகத்தில் உள்ள பூஞ்சையை அழிப்பது தோலில் உள்ளதை அழிப்பதைவிடப் பல மடங்கு கடினமாக இருப்பதற்குக் காரணம் அது இருக்கும் இடம்தான். மேலே பூசும் மருந்து தடித்த தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். விழுங்கும் மருந்து இரத்தத்தின் வழியே நகப்படுக்கைக்கும் வேருக்கும் வந்து, அங்கிருந்து தகட்டுக்குள் ஊற வேண்டும். தகடு தூக்கிக்கொண்ட இடத்தில் காற்றிடைவெளி இருப்பதால் மருந்து தாண்டிப் போக முடியாமல் நின்றுவிடுகிறது. சில நகங்களில் பூஞ்சை இழைகளும் வித்துகளும் கெட்டியான திரளாகவே சேர்ந்துகொள்கின்றன. அந்தத் திரளுக்குள் மருந்து நுழைவது அரிது. நகத்துக்குள் ஊடுருவக்கூடிய ஏதேனும் ஓர் ஆற்றலால் பூஞ்சையை நேரடியாகத் தாக்க முடியுமா என்ற கேள்வி இந்தத் தடைகளிலிருந்தே எழுந்தது. லேசர் அதற்கு ஒரு விடையாக முன்வைக்கப்பட்டது.

முதலில் அது பூஞ்சைதானா?

லேசரைப் பற்றிப் பேசுவதற்கு முன், பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு படியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் பார்க்கும் நகக் கோளாறுகளில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வருபவை. சோரியாசிஸ் என்ற தோல் நோய் நகத்தை மஞ்சளாக்கித் தூக்கும். இறுக்கமான காலணியின் ஓயாத உரசல் பெருவிரல் நகத்தைத் தடிக்கச் செய்யும். லைக்கன் பிளானஸ் என்ற வேறொரு தோல் நோய் நகத்தை மெலியச் செய்து வரிவரியாகப் பிளக்கும். அனுபவமுள்ள தோல் மருத்துவரும் கண்ணால் மட்டும் பார்த்து இவற்றைத் தவறாமல் பிரித்தறிய முடியாது. சோரியாசிஸ் நகத்துக்கு எத்தனை முறை பூஞ்சை லேசர் கொடுத்தாலும் பணமும் காலமும்தான் வீணாகும்.

சோதனை எளியது. நகத்துக்கு அடியிலிருந்து சுரண்டி எடுத்த துகள்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் கெரட்டின் கரைந்து, பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். அன்றைக்கே விடை கிடைத்துவிடும். எந்த இனம் என்று அறிய வளர்ப்புச் சோதனை செய்வார்கள். பூஞ்சை மெதுவாக வளர்வதால் அதற்கு 3 அல்லது 4 வாரங்கள் ஆகலாம். வெட்டிய நகத்துண்டைச் சாயமேற்றித் திசுச் சோதனை செய்வது இவை இரண்டையும்விடக் குறைவாகவே தொற்றைத் தவறவிடும். பூஞ்சை மருந்து ஏதேனும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் வளர்ப்புச் சோதனை பொய்யாக இல்லை என்று காட்டக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நகத்தில் மருதாணி இட்டிருந்தால் அது நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனுக்குப் போகாது, வளர்ந்துதான் போக வேண்டும். அதுவரை நகத்தின் உண்மை நிறம் மருத்துவர் கண்ணுக்குத் தெரியாது. நகக் கோளாறு இருப்பவர்கள் சோதனைக்கு முந்தைய மாதங்களில் அந்த நகத்தையாவது மருதாணியின்றி விட்டுவைப்பது நல்லது.

வெளிச்சம் எப்படிப் பூஞ்சையைக் கொல்லும்

தியோடர் மைமன் 1960இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அது மாணிக்கப் படிகத்தால் ஆனது. 1964இல் அந்நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில், நியோடிமியம் கலந்த யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தைக் கொண்டு வேறொரு லேசர் உருவாக்கப்பட்டது. சுருக்கமாக என்டி-யாக் லேசர் என்று சொல்லப்படும் இதுவே இன்று நகப் பூஞ்சைக்கு மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. கண்புரை அறுவை செய்துகொண்ட பலருக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பார்வை மீண்டும் மங்கும்போது, கண் மருத்துவர் யாக் லேசர் அடிக்க வேண்டும் என்பாரே, அதுவும் இதே படிகத்தில் பிறக்கும் ஒளிதான். அங்கே ஒளித்துடிப்பு மிகக் குறுகியது. திசுவை வெட்டித் திறக்கிறது. நகத்தில் துடிப்பின் நீளமும் ஆற்றலும் வேறாக அமைக்கப்பட்டு, வெப்பமூட்டுவதே வேலையாகிறது.

இந்த லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இது. தண்ணீரும் கெரட்டினும் இதை அதிகமாக உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதால், நகத் தகட்டைக் கடந்து நகப்படுக்கை வரை இறங்கும் திறன் இதற்கு உண்டு. மேலிருந்து மருந்தால் எட்ட முடியாத இடத்தை ஒளியால் எட்டலாம் என்ற எண்ணத்தின் அடிப்படை இதுதான்.

எட்டிய ஒளி அங்கே என்ன செய்கிறது என்பதை விளக்க, 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் என்ற இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கோட்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலில் காயும் கருப்புத் துணி பக்கத்திலிருக்கும் வெள்ளைத் துணியைவிட விரைவாகச் சூடேறுவதைப் போல, திசுவுக்குள் ஒரு குறிப்பிட்ட நிறமி மட்டும் ஒளியை உறிஞ்சிச் சூடேறும்படி அலைநீளத்தையும் துடிப்பின் நீளத்தையும் தேர்ந்தெடுத்தால், சுற்றியுள்ள திசுவைக் காயப்படுத்தாமல் அந்த இலக்கை மட்டும் அழிக்கலாம் என்பதே அந்தக் கோட்பாடு. முடி நீக்கும் லேசரும் மச்சம், மங்கு போன்றவற்றுக்கான லேசரும் இதன்படியே இயங்குகின்றன. அங்கெல்லாம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் என்ற தெளிவான இலக்கு இருக்கிறது.

பூஞ்சையில் அத்தகைய இலக்கு இருக்கிறதா? பல பூஞ்சைகளின் செல்சுவரில் மெலனின் உண்டு. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் ஸாந்தோமெக்னின் என்ற சிவப்பு நிறமியை உண்டாக்குகிறது. ஆனால் அந்த நிறமி மிகுதியாக உறிஞ்சுவது ஊதா, நீல ஒளியைத்தான். 1064 நானோமீட்டர் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. எனவே பூஞ்சை மட்டும் தனியாகச் சூடேறி இறக்கிறது என்ற விளக்கத்துக்கு வலுவான பிடிமானம் இல்லை. நகப்படுக்கை, நகத்துக்கு அடியிலுள்ள துகள்கள், பூஞ்சை என எல்லாமே சேர்ந்து சூடேறுகின்றன, அந்த மொத்த வெப்பம் பூஞ்சையின் வளர்ச்சியைக் குலைக்கிறது என்பதே ஏற்கத்தக்க விளக்கமாகத் தோன்றுகிறது.

இங்கேதான் லேசர் சிகிச்சையின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் ஆய்வு முடிவுகள் வியப்பளிக்க மாட்டா. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் வெப்பத்தால் சாகக்கூடியதுதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் 50 டிகிரி செல்சியஸில் வைத்தபோது அது சாக நிமிடக் கணக்கில் நேரம் பிடித்தது. லேசர் பாயும் புள்ளியோ சில நொடிகள் மட்டுமே சூடாக இருக்கிறது. நகப்படுக்கையில் ஓடும் இரத்தம் அந்த வெப்பத்தை உடனே எடுத்துச் சென்றுவிடுகிறது. நேரத்தைக் கூட்டலாமே என்றால், விரலில் வெப்பம் 45 டிகிரியை நெருங்கும்போதே மனிதருக்கு வலி தாங்க முடியாமல் போகிறது. பூஞ்சையை உறுதியாகக் கொல்லும் வெப்பத்துக்கும் நோயாளி பொறுத்துக்கொள்ளும் வெப்பத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை இதுவரை எந்தக் கருவியும் முழுமையாகக் கடந்ததாகச் சொல்ல முடியாது. கொல்ல முடியாவிட்டாலும் வளர்ச்சியைத் தடுக்கலாம், இரத்த ஓட்டத்தைக் கூட்டி நகம் விரைவாக வளரத் துணைசெய்யலாம் என்ற கருத்துகளும் உண்டு. அவை இன்னும் கருத்துகளாகவே இருக்கின்றன.

வேறு வகை லேசர்களும் பயன்பாட்டில் உள்ளன. கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டரில் இயங்குவது. தண்ணீர் அதை மிக வலுவாக உறிஞ்சுவதால் அது ஆழமாக ஊடுருவாது. மாறாக, நகத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்துளைகளை இடும். அந்தத் துளைகள் வழியே பூச்சு மருந்து உள்ளே இறங்கும். லேசரே பூஞ்சையைக் கொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காமல், மருந்துக்கு வழி திறந்துவிடும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்கும் இந்த அணுகுமுறை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 405, 635 நானோமீட்டர் ஒளியைச் சூடேற்றாமல் பாய்ச்சும் கருவிகளும் உண்டு.

அமர்வில் என்ன நடக்கும்

முதலில் நகத்தை வெட்டி, தடித்த பகுதியைச் சிறு அரவைக் கருவியால் மெலிதாக்குவார்கள். இது வெறும் முன்னேற்பாடு இல்லை. பூஞ்சையின் பெரும்பகுதி அப்போதே நகத்தோடு அகற்றப்படுகிறது. ஒளி கடக்க வேண்டிய தொலைவும் குறைகிறது. நகப்பூச்சு இருந்தால் முற்றிலும் நீக்க வேண்டும், ஏனெனில் நிறப்பூச்சு ஒளியை உறிஞ்சி எரிந்துவிடலாம். அறையில் இருக்கும் அனைவரும், நோயாளி உட்பட, அந்த அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி அணிந்தாக வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது; ஆனால் விழித்திரை வரை போய்ச் சுடும். இந்தக் கண்ணாடி இல்லாமல் லேசரை இயக்கும் இடத்தில் உட்காரவே கூடாது.

பிறகு கைப்பிடியிலிருந்து ஒளித்துடிப்புகளை நகத்தின் மேல் வரிசை வரிசையாகப் பாய்ச்சுவார்கள். நகம் முழுவதும், அதைச் சுற்றியுள்ள தோல் ஓரங்களும், நக வேர் இருக்கும் பின்மடிப்பும் சேர்த்து இரண்டு மூன்று முறை கடக்கப்படும். முதலில் இளஞ்சூடும், பிறகு குத்துவது போன்ற சுருக்கென்ற வலியும் தெரியும். அப்போது சொன்னால் சற்று இடைவெளி விடுவார்கள். மரத்துப்போகும் ஊசி பொதுவாகத் தேவைப்படாது, அது விரும்பத்தக்கதும் ஆகாது. வலிதான் அங்கே சூட்டு வரம்பைக் காட்டும் காவலாக இருக்கிறது. எல்லா நகங்களும் பாதிக்கப்பட்டிருந்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், உடனே நடந்து போகலாம். சில வார இடைவெளியில் மூன்று, நான்கு அமர்வுகள் என்பது பரவலான வழக்கம். ஆனால் துடிப்பின் நீளம், ஆற்றலின் அளவு, அமர்வுகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை இன்னும் உருவாகவில்லை. ஒரே பெயருள்ள சிகிச்சை இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு விதமாக இருப்பது இதனால்தான்.

குணம் என்றால் எது குணம்?

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் முதன்முதலாக ஒரு நக லேசர் கருவிக்கு இசைவளித்தது. அதன் பிறகு பல கருவிகளுக்கு அதே இசைவு கிடைத்தது. அரசின் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை என்று விளம்பரங்களில் வருவது இதையே குறிக்கிறது. ஆனால் அந்த இசைவில் இருக்கும் சொற்களைக் கவனிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த நகம் உள்ளவர்களுக்குத் தெளிந்த நகப் பகுதியைத் தற்காலிகமாக அதிகரிப்பதற்கு என்றுதான் அதில் இருக்கிறது. தொற்றைக் குணப்படுத்துவதற்கு என்று இல்லை. ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு நிகரானது என்று காட்டினாலே கருவிகளுக்கு இத்தகைய இசைவு கிடைத்துவிடும்; மாத்திரைகளுக்கும் பூச்சு மருந்துகளுக்கும் கேட்கப்படும் பெரிய அளவிலான சோதனைகள் கேட்கப்படுவதில்லை.

நகப் பூஞ்சை ஆய்வுகளில் குணம் என்பதை மூன்று விதமாக அளக்கிறார்கள். நுண்ணோக்கியிலும் வளர்ப்புச் சோதனையிலும் பூஞ்சை இல்லை என்றால் அது பூஞ்சை நீங்கிய நிலை. நகம் பார்வைக்கு நன்றாக ஆகிவிட்டது என்றால் அது தோற்ற அளவிலான குணம். இரண்டும் ஒருசேர அமைந்தால்தான் முழுக் குணம். தெளிந்த நகம் இத்தனை மி.மீ. கூடியது என்பது இந்த மூன்றிலும் சேராத ஒரு முன்னேற்றம் மட்டுமே. ஒரு மருத்துவமனை 80 விழுக்காடு வெற்றி என்று சொன்னால், எந்த அளவுகோலில், எத்தனை மாதம் கழித்து என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

தொடக்க கால லேசர் ஆய்வுகள் பல மிக உற்சாகமான முடிவுகளைத் தந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க லேசர் பெறாத ஒரு குழு இல்லை; சிலவற்றில் நோயாளிகள் மூன்று, ஆறு மாதங்களுக்கு மேல் பின்தொடரப்படவில்லை; ஆள் எண்ணிக்கைக்குப் பதிலாக நகங்களின் எண்ணிக்கையை வைத்து விழுக்காடு சொல்லப்பட்டது. நகத்தைச் சுரண்டி மெலிதாக்குவதாலேயே தோற்றம் மேம்படும் என்பதால், ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் லேசரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. சீட்டுக் குலுக்கல் போலத் தற்செயலாகப் பிரிக்கப்பட்ட குழுக்களைக் கொண்ட ஆய்வுகள் வரத் தொடங்கியதும் படம் மாறியது. நெதர்லாந்தில் சர்க்கரை நோயாளிகளிடையே, ஒரு குழுவுக்கு உண்மையான லேசரும் மற்றொரு குழுவுக்குப் போலி லேசரும் கொடுத்து நடந்த ஆய்வில், இரு குழுவுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, கால் நகப் பூஞ்சைக்கான பூச்சு மருந்துகளையும் கருவிகளையும் பற்றிய 56 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. 1064 நானோமீட்டர் லேசர் பெற்றவர்களுக்கும் போலி லேசர் பெற்றவர்கள் அல்லது சிகிச்சையே பெறாதவர்களுக்கும் இடையே, ஓராண்டு முடிவில் பூஞ்சை நீங்குவதில் வேறுபாடு சிறிதளவே இருக்கலாம் அல்லது இல்லாமலே போகலாம் என்பது அதன் முடிவு. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்த ஆய்வுகள் சிறியவை, நூறு பேரைக்கூட எட்டாதவை என்பதால், லேசரால் பயனில்லை என்று நிறுவப்பட்டுவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. பயன் உண்டு என்பது இன்னும் நிறுவப்படவில்லை என்பதே சரியான கூற்று.

மாத்திரையும் பூச்சும் எங்கே நிற்கின்றன

இதோடு ஒப்பிட, டெர்பினாஃபைன் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கால் நகத்துக்கு நாளொன்றுக்கு 250 மி.கி. வீதம் 12 வாரங்கள், கை நகத்துக்கு 6 வாரங்கள் கொடுக்கப்படுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் மருந்து நகத்தில் பல மாதங்கள் தங்கி வேலை செய்கிறது. அமெரிக்காவில் அங்கீகாரத்துக்காக நடந்த சோதனைகளில், கால் நகத்தில் 70 விழுக்காட்டினருக்குப் பூஞ்சை நீங்கியது. முழுக் குணம் 38 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. மிகச் சிறந்த மருந்துக்கே முழுக் குணம் பாதியைத் தொடவில்லை என்பதைப் பார்த்தால், இந்தத் தொற்று எவ்வளவு பிடிவாதமானது என்பது விளங்கும். தினமும் ஓராண்டு பூச வேண்டிய எஃபினகோனசோல் 10 விழுக்காட்டுக் கரைசலில் முழுக் குணம் 15 முதல் 18 விழுக்காடு வரையிலும், பழைய சைக்ளோபிராக்ஸ் நகப்பூச்சில் 10 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தது.

மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தின் மேல்தான் லேசர் விளம்பரங்கள் பெரும்பாலும் நிற்கின்றன. டெர்பினாஃபைனால் கல்லீரல் பாதிப்பு நேர்வது உண்டு என்பது உண்மை. ஆனால் கல்லீரல் நோய் இல்லாதவர்களிடம் கடுமையான பாதிப்பு அரிதானது. தொடங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட்டால் பெரும்பாலோர் அதைச் சிக்கலின்றி முடிக்கிறார்கள். உடல்நலத்தில் வேறு குறையில்லாத ஒருவர், சோதனையில் பூஞ்சை உறுதியான பிறகு, மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசாமலேயே லேசருக்குப் போவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

ஆயினும் எல்லோராலும் மாத்திரை சாப்பிட முடிவதில்லை. கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே பல மருந்துகள் சாப்பிடுவதால் புதியது சேராதவர்கள், இதயச் செயலிழப்பால் இட்ராகோனசோல் என்ற மற்றொரு பூஞ்சை மருந்தை எடுக்கக் கூடாதவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுவோர் என்று பலர் இருக்கிறார்கள். இந்தியாவில் டெர்பினாஃபைனுக்கு அடங்காத படர்தாமரை கடந்த பல ஆண்டுகளாகப் பரவி வருவதும், அதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று தனிப் பெயரே இடப்பட்டதும் மருத்துவர்களின் கவலையைக் கூட்டியிருக்கிறது. அது பெரும்பாலும் தோலைத் தாக்குவது என்றாலும், மருந்து ஒன்றையே நம்பியிருக்க முடியாது என்பதைக் காட்டிவிட்டது. கருவுற்றவர்களும் பாலூட்டுவோரும் பொதுவாக அவசரப்படாமல் காத்திருக்கலாம். மற்றவர்களைப் பொறுத்தவரை, நகத்தை மெலிதாக்கி, பூச்சு மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தி, அதனுடன் துணையாக லேசரையும் சேர்ப்பது பொருளுள்ள முயற்சிதான். மருந்தையும் லேசரையும் சேர்த்துச் செய்யும்போது மருந்து மட்டும் தருவதைவிடக் கூடுதல் முன்னேற்றம் கிடைத்ததாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நுனியில் மட்டும் தொற்று இருந்து, வேர் தொடப்படாமல் இருக்கும் மெல்லிய நகத்துக்கு எந்தச் சிகிச்சையிலும் வாய்ப்பு அதிகம். முழு நகமும் தடித்து உருக்குலைந்துவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வேறுபாட்டை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

யாருக்குக் கூடுதல் எச்சரிக்கை

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையில் தனி ஆபத்து இருக்கிறது. சூடு எல்லை மீறும்போது வலிதான் எச்சரிக்கை. உணர்ச்சி மரத்த காலில் அந்த எச்சரிக்கை வராது. ஒரு சிறு கொப்புளம் அவர்களுக்கு ஆறாப் புண்ணாகி, விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இது பொருந்தும். இவர்கள் லேசர் செய்துகொள்வதாக இருந்தால், தங்கள் பாதத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரின் ஒப்புதலோடும், வெப்பமானி வைத்து நகத்தின் சூட்டை அளந்தபடி செய்யும் இடத்திலும் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். நகத்தைத் தாங்களாகவே பிளேடால் சுரண்டுவதும் இவர்களுக்குக் கூடாது.

நகத்தில் கரும்பழுப்புக் கோடு அல்லது கருந்திட்டு இருந்தால், அது என்ன என்று உறுதியாகத் தெரியும்வரை லேசர் படவே கூடாது. கருமை ஒளியை உறிஞ்சிச் சுடும் என்பது ஒரு காரணம். நகத்துக்கு அடியில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம். நம்மைப் போன்ற கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு நகத்தில் கோடுகள் இயல்பாகவே வருவதுண்டு, அவற்றில் மிகப் பல தீங்கற்றவை. ஆனால் ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோட்டைத் தோல் மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது.

பூஞ்சை திரும்பி வரும் வழிகளை அடைக்காவிட்டால் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது. லேசர் பாய்ச்சிய நகத்தில் மருந்தின் எச்சம் எதுவும் தங்குவதில்லை என்பதால் இது லேசருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். விரல் இடுக்குகளில் அரிப்பும் தோல் உரிதலும் இருந்தால் அதற்குப் பூஞ்சைக் களிம்பு போட்டு முற்றிலும் ஆற்றிவிட வேண்டும். பழைய மூடிய காலணிகளுக்குள் வித்துகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும் என்பதால், அவற்றைக் கழித்துவிடுவதோ, மருந்துப் பொடி தூவி மாற்றி மாற்றி அணிவதோ நல்லது. வீட்டில் ஒரே நகவெட்டியை எல்லோரும் பயன்படுத்தும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது கால் பூஞ்சையோ படர்தாமரையோ இருந்தால், அவர்களுக்கும் அதே காலத்தில் சிகிச்சை நடக்க வேண்டும்.

சிகிச்சை பலன் தருகிறதா என்று அறிய, தோல் மருத்துவர்கள் கையாளும் எளிய முறை ஒன்று இருக்கிறது. தொடங்கும் நாளன்று, கெட்ட நகமும் நல்ல நகமும் சந்திக்கும் எல்லையில் தகட்டின் மேல் மெல்லிய குறுக்குக் கீறல் ஒன்றைப் போட்டு, படம் எடுத்து வைப்பார்கள். நகம் வளர வளர அந்தக் கீறல் முன்னோக்கி நகரும். மூன்று நான்கு மாதங்கள் கழித்துப் பார்க்கும்போது மஞ்சள் பகுதி கீறலுக்கு முன்னாலேயே நின்று, அதற்குப் பின்னால் வளர்ந்த நகம் தெளிவாக இருந்தால் பூஞ்சை முன்னேறவில்லை என்று பொருள். மஞ்சள் கீறலைத் தாண்டி வேரை நோக்கி வந்துவிட்டால், அடுத்த அமர்வுகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் நகத்துகளை மறுபடி சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.